இரண்டாம் முறையும் சிரிப்பு வருகிறதா?

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு அப்போது பதினான்கு வயது. உடப்புசல்லாவையில் பொழுது சாய்ந்தால் மலையும் ரோட்டும் ஒன்றாகி இருண்டுவிடும். ரி.வி. இல்லை, போனில் சார்ஜ் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி நானும் ராத்தாவும் தம்பியும் போர்வைக்குள் சுருண்டிருந்தோம். அன்றிரவு எங்கள் உம்மம்மா எங்களுக்கு ஒரு படம் காட்டினார்.

காட்டினார் என்றால், சொன்னார். காதலிக்க நேரமில்லை படத்தில் நாகேஷ், பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி. கதவு கிறீச்சிடும் சத்தம், காலடிச் சத்தம், காற்றுச் சத்தம் எல்லாம் உம்மம்மாவின் வாயிலிருந்தே வந்தன. தம்பி பயந்து ராத்தாவின் மடிக்குள் போய்விட்டான். நாங்கள் பயந்தோம், பிறகு வயிறு நோகச் சிரித்தோம். மின்சாரம் வந்த பிறகு போனில் அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்தேன். இன்றுவரை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

எங்கள் வீட்டில் காதல் படம் என்றால் வாப்பாவுக்குப் பிடிக்காது. “இதெல்லாம் என்னத்துக்குப் பாக்கிறது மகள்?” என்பார். அவருடைய கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வாப்பா சொல்வதில் பாதி சரி என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு படத்தை முதல் தடவை பார்க்கும்போது அடுத்து என்ன நடக்கும் என்றுதான் பார்க்கிறோம். இரண்டாம் தடவை முடிவு தெரியும். அப்போதுதான் ஒவ்வொருவரின் முகமும் கண்ணில் படுகிறது. சிரிப்பவர் யார், யாரை வைத்துச் சிரிக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்குகிறது. இரண்டாம் முறையும் சிரிப்பு வந்தால் அது நல்ல காட்சி. இரண்டாம் முறை மனசு உறுத்தினால், முதல் தடவை நாம் ஏமாந்துவிட்டோம் என்று அர்த்தம். இதுதான் என் அளவுகோல்.

காதலிக்க நேரமில்லை 1964 இல் வந்தது. இயக்கியவர் ஸ்ரீதர், நகைச்சுவையில் அவருக்குத் துணையாக இருந்தவர் சித்ராலயா கோபு. செல்லப்பாவாக வரும் நாகேஷிடம் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்ற கம்பனியின் பெயர் மட்டும் இருக்கிறது. பணம் இல்லை, கமெரா இல்லை, நடிகர்கள் இல்லை. இருப்பதெல்லாம் கதையும் குரலும் கைகளும். முதல் தடவை பார்க்கும்போது எல்லோரும் நாகேஷைத்தான் பார்ப்போம். அடுத்த தடவை பாலையாவை மட்டும் பாருங்கள். அவர் அதிகம் பேசுவதில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் முகம் மெல்ல மெல்ல வெளிறுவதில்தான் அந்தக் காட்சி உயிர் வாழ்கிறது. காசை எடுத்துத் தராத ஒரு பணக்காரத் தகப்பன், மகன் சொல்லும் கதைக்குள் சின்னப் பிள்ளை போல மாட்டிக்கொள்கிறார். இருவரில் ஒருவரும் அவமானப்படவில்லை. 1966 இல் இதே படம் ஹிந்தியில் வந்தபோது மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் இதே காட்சியைச் செய்தார்கள். மொழி மாறியும் காட்சி நின்றது. காரணம், பிள்ளை சொல்வதைத் தகப்பன் உட்கார்ந்து கேட்பது எந்த வீட்டிலும் அபூர்வம்தான்.

அதே படத்தில் தோட்டப் பகுதிப் பிள்ளைகளான நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு காட்சி இருக்கிறது. பாலையா சின்னமலை எஸ்டேட்டின் முதலாளி. அங்கே வேலை செய்யும் அசோக், அதாவது ரவிச்சந்திரன், முதலாளியின் மகள்மாரோடு தகராறுபட்டதால் வேலையை இழக்கிறான். உடனே முதலாளியின் வீட்டுக்கு எதிரே கூடாரம் அடித்து, வேலை கேட்டுப் பாடி ஆடுகிறான். முதலாளியின் பெயரைச் சொல்லியே பாடுகிறான்.

இந்தக் காட்சியைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் என் கூட்டாளி ஒருத்தியோடு இருந்து பார்த்தேன். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு, “எங்க அப்பா துரை பங்களாவுக்கு முன்னால இப்படி டென்ட் அடிச்சா என்ன நடக்கும்?” என்று கேட்டாள். தோட்டத்தில் வேலை போனால் லயத்துக் காம்பராவும் போய்விடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. நாளொன்றுக்கு 1,000 ரூபாய் சம்பளம் என்ற கோரிக்கை பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021 இல்தான் வர்த்தமானியில் வந்தது. படத்திலோ ஒரு பாட்டு முடிவதற்குள் முதலாளி திக்குமுக்காடுகிறார். படத்தில் கொழுந்து எடுப்பவர்களின் கதை இல்லை என்பதும் உண்மை. ஆனாலும், “சும்மா நாலு நிமிஷத்துக்காவது துரை பயப்படட்டுமே” என்று சொல்லி என் கூட்டாளி அந்தப் பாட்டைத் திரும்பவும் போடச் சொன்னாள். அதனால் இந்தக் காட்சி என் அளவுகோலில் தேறிவிட்டது.

இனி வாப்பா சொல்லும் சரியான பாதிக்கு வருகிறேன். எத்தனையோ படங்களில் நாயகன் ஒரு பெண்ணின் பின்னால் போகிறான். பஸ்ஸில், கோயிலில், கல்லூரி வாசலில் நிற்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள். கூட இருக்கும் நண்பன் ஒரு பகிடி விடுகிறான், தியேட்டர் சிரிக்கிறது. கடைசியில் அவளும் சிரிக்கிறாள். முதல் தடவை பார்த்தபோது நானும் சிரித்திருக்கிறேன்.

போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையை ரியூஷன் முடிந்து வரும் வழியில் ஒருவன் இப்படித்தான் பின்தொடர்ந்தான். படத்தில் வருவது போலவே பாட்டுப் பாடினான். அவள் வீட்டில் சொன்னாள். வீட்டில் என்ன செய்தார்கள்? அவளுடைய ரியூஷனை நிறுத்தினார்கள். அவன் இன்றும் அதே சந்தியில் நிற்கிறான். அவளுக்குப் பாடம் போனது, அவனுக்கு ஒன்றும் போகவில்லை. அதற்குப் பிறகு அப்படியான காட்சி வந்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பகிடியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

அப்படியானால் பெண்ணை விரும்பிப் பின்னால் போகும் கதை எல்லாமே கூடாதா? பாக்யராஜின் இன்று போய் நாளை வா 1981 இல் வந்தது. மூன்று நண்பர்கள் ஒரே பெண்ணுக்காகப் போட்டி போடுகிறார்கள். அதில் எனக்கு ஒப்பாத இடங்கள் உண்டு. ஆனால் ஒருவன் அந்த வீட்டுக்குள் நுழைவதற்காக அவளுடைய தகப்பனிடம் ஹிந்தி படிக்கப் போய், ஒரு வசனத்தையும் சரியாகச் சொல்ல முடியாமல் ‘ரகு தாத்தா’வில் தடுக்கி விழுகிறானே, அது மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. அங்கே சிரிப்புக்கு ஆளாவது தந்திரம் செய்ய வந்தவன்தான், பெண் இல்லை. அந்தச் சொல் எவ்வளவு நிலைத்துவிட்டது என்றால், 2024 இல் கீர்த்தி சுரேஷ் நடித்து வந்த ஒரு படத்துக்கே ரகு தாத்தா என்று பெயர் வைத்தார்கள்.

என் பட்டியலில் முதலிடம் மிஸ்ஸியம்மாவுக்கு. 1955 இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். எல்.வி. பிரசாத் இயக்கம். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்கள். ஒரு ஜமீன்தாரின் பாடசாலைக்கு ஆசிரியர்கள் தேவை, ஆனால் கணவன் மனைவியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனவே இந்துவான அவனும் கிறிஸ்தவப் பெண்ணான மேரியும் தம்பதி என்று சொல்லிக்கொண்டு வேலையில் சேர்கிறார்கள். ஊர் அவர்களைத் தம்பதியாக நடத்தும் ஒவ்வொரு தடவையும் மேரிக்குக் கோபம் மூக்குக்கு மேலே வருகிறது. அவன் பொய்க்கு மேல் பொய் சொல்லிச் சமாளிக்கிறான். சாவித்திரியின் கோப முகத்தைப் பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியாது.

பொய் சொல்லி வேலை எடுப்பது சரியா என்று உம்மா கேட்டார். சரியில்லைதான். ஆனால் மேரி ஏன் அந்த வேலைக்குப் போனாள் என்பதை இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் கவனித்தேன். வீட்டுக்குக் கடன் இருக்கிறது. கடன் கொடுத்தவன் அவளைத் தனக்குக் கட்டிக்கொடுக்கச் சொல்லி நெருக்குகிறான். கடனை அடைத்தால்தான் அவளால் முடியாது என்று சொல்ல முடியும். எழுபது வருடங்களுக்கு முன்பு வந்த சிரிப்புப் படத்தில், ஒரு பெண்ணின் சம்பளம் அவள் ‘இல்லை’ என்று சொல்வதற்கான பலமாக இருக்கிறது. பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் ராத்தாமார் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்த்தால் வெறும் பழைய படமாகத் தெரியாது.

‘ஆம்’ என்ற சொல்லும் அப்படித்தான். இந்தப் படங்கள் எல்லாம் கடைசியில் பெண் ஆம் என்று சொல்லும் இடத்தில்தான் முடிகின்றன. நிக்காஹ்வுக்குப் பெண்ணின் சம்மதம் கேட்க வேண்டும் என்று நாமும் மார்க்கக் கல்வியில் படிக்கிறோம். ஆனால் நம் நாட்டின் 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்பதில்லை. வலியின் கையொப்பம் போதும். இதைத் திருத்த வேண்டும் என்று பல வருடங்களாகப் பேசுகிறார்கள். ஒரு பெண் தன் வாயால் சொல்லும் சொல்லுக்காகப் படம் முழுக்கக் காத்திருந்து கைதட்டும் நாம், நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்?

நம் நாட்டுச் சிரிப்பையும் மறக்கக்கூடாது. 1976 இல் வந்த கோமாளிகள் இலங்கைத் தமிழ்ப் படம். வானொலி நாடகமாக இருந்து படமானது. அதில் எஸ். ராமதாஸ் மரிக்காராக நம்மவர் பேச்சுப் பேசினார், பி.எச். அப்துல் ஹமீட் ஐயராக வந்தார். இதைச் சொல்லும்போது வாப்பாவே சிரித்துவிட்டார். ஒருவர் பேச்சை மற்றவர் இவ்வளவு காது கொடுத்துக் கேட்டிருந்தால்தான் அப்படி நடிக்க முடியும்.

ஆகவே, பெற்றோரே, காதல் படம் என்றதும் ரி.வி.யை நிறுத்தாதீர்கள். பக்கத்தில் வந்து உட்காருங்கள். பின்தொடரும் காட்சி வந்தால், “இதில் சிரிக்க என்ன இருக்கிறது?” என்று உங்கள் மகளிடம் மட்டுமல்ல, மகனிடமும் கேளுங்கள். மகனிடம் கேட்பதுதான் முக்கியம். நாம் பார்க்காமல் விட்டாலும் அந்தக் காட்சிகள் போனில் வரத்தான் போகின்றன. தனியே பார்த்தால் சிரிப்பு மட்டும் மிஞ்சும். சேர்ந்து பார்த்தால் கேள்வியும் வரும்.

தோழியரே, நீங்களும் உங்களுக்குப் பிடித்த காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவரின் முகத்தைப் பாருங்கள்.

உம்மம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. போன நோன்புப் பெருநாள் அன்று எல்லோரும் கூடியிருந்தபோது அந்தப் பேய்க்கதைக் காட்சியைப் போட்டோம். நாகேஷ் போடும் சத்தம் ஒன்றும் அவருக்குக் கேட்டிருக்காது. பாலையாவைப் பார்த்தே சிரித்தார். பக்கத்தில் வாப்பாவும் உட்கார்ந்திருந்தார்.