ஆங்கில வரி படித்துத் தமிழ்ப் படமா?

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கணிப்பொறித் துறையில் நல்ல ஊதியம் பெறுபவர், பண்பாளர், ஆசிரியன் என்னும் மதிப்பை இன்றளவும் என்பால் குறைக்காதவர். திரையரங்கிற்குச் செல்வதை அறவே விட்டு, சுவரளவு தொலைக்காட்சியில் கிழமைக்கு நான்கு படம் பார்க்கும் பெருஞ்சுவைஞர். பேச்சு படங்களைப் பற்றித் திரும்பவே, தம் கருத்துகளை அடுக்கினார். அவர் வாய்மொழியை அவ்வாறே தருகின்றேன். இவ்விதழின் தாளும் மையும் பொறுத்தருள்க!

"ஐயா, பழைய படமெல்லாம் செம ஸ்லோ. டயலாக் ஓவர். ஃபார்வர்ட் பண்ணித்தான் பார்ப்பேன். வெளிநாட்டுப் படத்தத் தமிழ்ல டப் பண்ணா ஒரே காமெடி, இங்கிலீஷ்லயே பார்த்துடுவேன். அப்புறம், டைட்டில் எந்த லாங்குவேஜ்ல இருந்தா என்னங்கய்யா? கன்டென்ட்தானே முக்கியம்!"

இஃது அவர் ஒருவரின் கருத்தாக மட்டும் இருப்பின் நான் எழுதுகோலை எடுத்திரேன். இன்று இல்லந்தோறும் கூடத்து நாற்காலியிலமர்ந்து கையிற் பொத்தானோடு ஆட்சி செலுத்தும் நம்மவர் பலரின் கருத்தும் இதுவேயன்றோ?

பழைய படங்கள் மெதுவாகச் செல்கின்றனவாம்! மெய்தான். சொல்லைக் கேட்க வந்தவர்களுக்காக எடுக்கப்பட்ட படங்கள் வேறெவ்வாறு செல்லும்? 1931ஆம் ஆண்டு வெளிவந்த முதற் பேசும் படமாகிய 'காளிதாசு' என்பதில் தலைவி தமிழிலும் தலைவன் தெலுங்கிலும் பேசினர். அந்நாளைய படங்களில் வடசொற் கலப்பு மூக்கைத் துளைக்கும். அதனை நான் மறைக்கவில்லை. அந்நிலையினின்று 1942இல் 'கண்ணகி' வந்தபோது, இளங்கோவனின் எழுத்து திரைத்தமிழுக்கு முதுகெலும்பு தந்தது. அவ்வுரையாடலை முழங்கிய கண்ணாம்பா தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பதை எண்ணிப் பாருங்கள்! பிறமொழியாளர் ஒருவர் முயன்று கற்றுப் பேசிய தமிழை, தமிழ்த் தாய் வயிற்றிற் பிறந்தவர் பத்துப் பத்து நொடியாகத் தாவிக் கடக்கின்றார். 1952இன் 'பராசக்தி'யில் வழக்குமன்றக் காட்சியைத் தாண்டிவிட்டால் எஞ்சுவது என்ன?

நானும் வீட்டிலிருந்து படம் பார்த்து வளர்ந்தவனே. சென்னைத் தொலைக்காட்சி ஞாயிறு மாலைகளில் தமிழ்ப்படம் காட்டிய எண்பதுகளில், எங்கள் தெருவிற்கே ஒரு பெட்டிதான் இருந்தது. கூடம் நிரம்பிவிடும். உள்ளே இடங்கிடையாத நாங்கள் திண்ணையில் நின்றுகொண்டு படத்தைக் காதால் பார்த்தோம். முகம் தெரியாது; உருவம் தெரியாது; சொல் மட்டும் வரும். மறுநாள் பள்ளியில் ஒரு பக்க உரையாடலை மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். நான் தமிழாசிரியன் ஆனதற்கு என் ஆசான்மார்க்கு அடுத்தபடி அத்திண்ணைக்கும் கடப்பாடுடையேன்.

தலைப்பு எம்மொழியிலிருந்தால் என்ன என்னும் வினாவிற்கு நெடிய விடை வேண்டா. 2006ஆம் ஆண்டு தமிழிற் பெயர் சூட்டிய படங்களுக்குத் தமிழ்நாட்டரசு கேளிக்கை வரியினின்று விலக்களித்தது. உடனே 'ஜில்லுனு ஒரு காதல்' என்றிருந்தது 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. ஓரெழுத்தில் முளைத்த தமிழ்ப்பற்று! 2017 சூலையில் வரிமுறையே மாறியது; பற்றும் கரைந்தது. 2025ஆம் ஆண்டு வந்த படமொன்று, இலங்கையினின்று கடல்கடந்து வரும் தமிழ்க் குடும்பத்தின் துயரைச் சொல்வது. நல்ல படம் என்றே அதனைச் சொல்வேன். அதன் பெயரோ 'டூரிசுட்டு பேமிலி'! அக்குடும்பம் பேசும் மொழியில் அதற்கொரு பெயர் கிடைக்கவில்லை போலும்.

மொழிமாற்றப் படங்களைப் பற்றிய கருத்தில் மாணவர்பால் பாதி ஞாயம் உண்டு. வாயசைவிற்கு இசையுமாறு சொல்லை நறுக்குவதும், ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதும் நகைப்பிற்குரியனவே. ஆயின், சோறு குழைந்துவிட்டால் நல்ல சோறு கேட்போமா, உண்பதையே விடுவோமா? பணங்கட்டிப் பார்க்கும் அவர் அந்நிறுவனத்திற்கு நல்ல தமிழ் வேண்டுமென ஒருவரி எழுதியதுண்டா என்று வினவினேன். சிரித்தார்.

பேச்சிற்கிடையே அவர் 'கடைசி விவசாயி' என்னும் படத்தை ஓடவிட்டார். மணிகண்டன் இயக்கத்தில் 2022இல் வெளிவந்து, நாட்டரசின் விருதும் பெற்ற படம். ('உழவன்' என்றிருந்தால் என் நெஞ்சு இன்னும் குளிர்ந்திருக்கும், போகட்டும்.) நல்லாண்டி என்னும் மெய்யான முதிய உழவரே உழவராக நடித்திருக்கின்றார். ஊர்த்தெய்வத்திற்குப் படைக்க நெல் வேண்டி அவர் நாற்று நடுகின்றார். மதுரை வட்டாரத்து மண்ணின் தமிழ், கலப்பையிலிருந்து உதிர்ந்தாற் போல வந்து விழுகின்றது. அதனடியிலேயே ஆங்கில வரியும் ஓடிக்கொண்டிருந்தது.

மாணவரின் மகள் எட்டு அகவைக் குழந்தை. அருகே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் அவ்வுழவரின் முகத்திலில்லை. திரையின் அடியிலே இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த குழந்தை, தமிழர் ஒருவர் பேசுவதை ஆங்கிலத்திற் படித்து விளங்கிக்கொண்டிருந்தது!

"அவளுக்குத் தமிழ் கொஞ்சம் கஷ்டம் ஐயா, சப்டைட்டில் இருந்தா ஈசியா ஃபாலோ பண்ணுவா" என்றார் தந்தை.

என் சினத்தை அடக்கிக்கொண்டேன்; குழந்தை இருந்தாள். அவ்வரியை மட்டும் அணைக்குமாறு வேண்டினேன். ஆசிரியன் சொல்லைத் தட்டமாட்டாமல் அணைத்தார். குழந்தை சிறிது சிணுங்கினாள். பின்னர் என் பக்கம் நகர்ந்து அமர்ந்து, "தாத்தா, நாத்துன்னா என்ன?" என்றாள். சொன்னேன். "களைன்னா?" சொன்னேன். "வரப்புன்னா?" "மரக்கால்னா?" வினாக்கள் வந்தவண்ணமிருந்தன. படத்தைப் பன்முறை நிறுத்த நேர்ந்தது; ஒருமுறையும் தாண்டவில்லை. 'மரக்கால்' என்பதற்கு நான் விடை சொல்லத் தொடங்கியபோது, மாணவரும் தம் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.