முதல் பாடம் தாயின் உடலில் வேண்டாம்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிரசவ அறையில் தாயைச் சுற்றி நிற்பவர்களில் மாணவர்களும் ஹவுஸ் சர்ஜன்களும் உண்டு. அவர்கள் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். இல்லையேல் நாளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நள்ளிரவில் வலியோடு வரும் பெண்ணுக்கு யார் பிரசவம் பார்ப்பது? ஆனால், தலை வெளிவரும் நேரத்தில் கையை எங்கே வைப்பது, கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் எப்படி விலக்குவது என்ற அரிச்சுவடியைக்கூட வலியில் துடிக்கும் ஒருத்தியின் உடலில்தான் படிக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைக்குப் போக வசதியில்லாத பெண். பொம்மையில் செய்துகாட்டித் தேறாத மாணவர் பிரசவ மேசையை நெருங்கக் கூடாது என்பதைக் கண்டிப்பான விதியாக்க வேண்டும்.

பொம்மையை வைத்துப் பிரசவம் கற்பிப்பது நேற்று வந்த தொழில்நுட்பம் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் து கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் தைத்த இடுப்பையும் குழந்தையையும் கொண்டு ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பெண்களுக்கு வகுப்பெடுத்தார். 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயியே அவரை அந்தப் பணியில் அமர்த்தினார். நம் நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும், பிரசவத்தின் கட்டங்களை மாதிரி உடலில் செய்துகாட்டும் திறனை மாணவரிடம் எதிர்பார்க்கிறது. ஆக, காகிதத்தில் குறை இல்லை.

நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவங்களுக்குப் பஞ்சமா, பொம்மை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சுகப்பிரசவத்தைப் பார்த்துப் பழக அந்தக் கூட்டம் உதவும் என்பது உண்மைதான். ஆனால், தலை வந்தபின் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்வது ஏறத்தாழ நூறு பிரசவங்களில் ஒன்றில்தான் நேரும். நேர்ந்துவிட்டால் கையில் இருப்பது சில நிமிடங்களே. அப்போது மாணவரை யாரும் முன்னே விட மாட்டார்கள், விடவும் கூடாது. தமிழ்நாட்டிலோ, ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) 44.9% பிரசவங்கள் சிசேரியன். கத்தியின்றிக் குழந்தையை எடுக்கும் கைப்பழக்கத்தை மாணவர் பார்த்துக் கற்கும் வாய்ப்பு அந்த அளவுக்குச் சுருங்குகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சவுத்மீட் மருத்துவமனை, பிரசவ வார்டின் மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஒன்றாக நிறுத்தி இத்தகைய அவசரங்களைப் பொம்மையில் ஒத்திகை பார்க்க வைத்தது. தோள் சிக்கிய பிரசவங்களில் காயமடைந்த குழந்தைகளின் விகிதம், பயிற்சிக்கு முன் 9.3% ஆக இருந்தது, பின்னர் 2.3% ஆகக் குறைந்தது.

ஒத்திகை நடந்துவிட்டால் போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. தான்சானியாவின் ஹைடம் என்ற கிராமப்புற மருத்துவமனையில், மூச்சுவிடாமல் பிறக்கும் சிசுவுக்கு உயிர்ப்பூட்டும் பயிற்சியை முதலில் ஒரே நாள் வகுப்பாக நடத்தினார்கள். பொம்மையிடம் ஊழியர்களின் கை தேறியது. பிரசவ அறையில் எதுவும் மாறவில்லை. பிறகு முறையை மாற்றினார்கள்: வாரந்தோறும் வார்டிலேயே மூன்று முதல் ஐந்து நிமிடம், மாதம் ஒருமுறை நாற்பது நிமிடம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் சிசுக்கள் ஆயிரத்துக்கு 11.1 என்ற நிலை 7.2 ஆக இறங்கியது. ஆண்டுக்கு ஒருநாள் திறன் பயிற்சிக்கூடத்தைத் திறந்து, வரிசையில் நிற்க வைத்து, லாக் புக்கில் கையெழுத்து வாங்கும் ஏற்பாட்டால் ஒரு குழந்தையும் பிழைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பொம்மை அழாது, பயப்படாது; அதனிடம் பழகியவர் மனிதரிடம் எப்படிப் பேசுவார் என்ற கவலை நியாயமானது. அதனால்தான் நார்வேயின் லேர்டால் நிறுவனம் உருவாக்கிய ‘மாமா நத்தாலி’ போன்ற கருவிகளை நான் பெரிதும் மதிக்கிறேன். பயிற்றுநரே அதை இடுப்பில் கட்டிக்கொண்டு தாயாக நடிக்கிறார். முனகுகிறார், கேள்வி கேட்கிறார், செயற்கை ரத்தத்தைப் பெருக விடுகிறார். உள்பரிசோதனைக்கு முன் சொல்லி அனுமதி பெறாத மாணவரை அங்கேயே நிறுத்தித் திருத்த முடியும். உண்மையான பிரசவ அறையில், திட்டு வாங்காமல் இருந்தாலே போதும் என்று வாய்மூடிக் கிடக்கும் பெண் எந்த மாணவரைத் திருத்துவார்? இத்தகைய கருவிக்கு மின்சாரமோ தனிக் கட்டடமோ தேவையில்லை. தேவைப்படுவது பேராசிரியரின் நேரம். நெரிசலான வார்டில் அது கிடைப்பது கடினம்தான். அதனால், பயிற்சிக்கென்றே மூத்த செவிலியர் ஒருவரை ஒவ்வொரு கல்லூரியின் பிரசவ வார்டிலும் நியமித்து, பொம்மையை அங்கேயே வைத்து, மாணவர் தேறினாரா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரத்தையும் அவரிடம் கொடுக்க வேண்டும்.