பூரண வாழ்வின் கூலிக் கணக்கு

இன்ஸ்டாகிராம் பிரபலங்களின் பூரண வாழ்வைக் கண்டு இளைஞர்கள் ஏமாந்துபோகிறார்கள் என்று நம் எழுத்தாளர்கள் சிலர் அங்கலாய்க்கிறார்கள். இந்த அனுதாபம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஜோடனை என்று தெரிந்தேதான் பார்க்கிறார்கள். சினிமாவுக்கு நூறு வருஷம் பழகிய கண்கள். அவர்கள் பார்க்க விரும்பாதது ஜோடனைக்குப் பின்னுள்ள உழைப்பையும் கூலியையும்தான்.

2015இல் எஸெனா ஓநீல் என்ற ஆஸ்திரேலியப் பெண் அதைக் காட்டினார். இருபது வயது நிரம்பாதவர்; 5 லட்சம் பேருக்கு மேல் அவரைப் பின்தொடர்ந்தார்கள். சுமார் 2000 படங்களை அழித்துவிட்டு, மிச்சமிருந்தவற்றின் கீழ் வாசகங்களை மாற்றி எழுதினார். இந்த உடையை அணிந்து காட்டப் பணம் தந்தார்கள். வயிறு ஒட்டித் தெரிய வேண்டி இதே படத்தை நூறு தடவைக்கு மேல் எடுத்தோம், அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. படமெடுத்த தங்கையிடம் கத்தினேன் – இப்படி. தன் சிருஷ்டிக்குத் தானே இவ்வளவு நிர்தாட்சண்யமான விமர்சனம் எழுதியவர் நம்மிடையே யார்? (முன்னுரைகளைச் சொல்லவில்லை.)

பதிலுக்கு, இதுவும் விளம்பர உத்திதான் என்றார்கள், அவரோடு பழகியவர்களே. படங்களைச் சகித்தவர்களுக்குக் கணக்கைச் சகிக்க முடியவில்லை.

2019இல் இன்ஸ்டாகிராம் ஆஸ்திரேலியா உட்படச் சில நாடுகளில் 'லைக்' எண்ணிக்கையைப் பிறர் கண்ணிலிருந்து மறைத்துப் பார்த்தது. 2021இல் அவரவர் இஷ்டம் என்று விட்டுவிட்டது. வியாபாரிக்கு இதற்கு மேல் அக்கறை இருக்க நியாயமில்லை.

நம் கவிகளும் எழுதும் மேஜையைப் படமெடுத்துப் போடுகிறார்கள். ஜன்னல் வெளிச்சம், காபி டம்ளர், பாதி விரித்த ரில்கே. அடித்துக் கிழித்த காகிதம் ஒன்றுகூட ஏன் அந்த மேஜையில் இருப்பதில்லை?