நீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்து முண்டியம்பாக்கத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி அங்கே நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்கிறது. மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகத்தின் வாசலைப் பார்க்காமல் போக முடியாது. முதல் வாசலில் நீட் என்ற பூட்டு தொங்குவது ஊருக்கே தெரியும். இரண்டாவது வாசலிலும் 2022-இலிருந்து ‘க்யூட்’ என்றொரு நுழைவுத் தேர்வுப் பூட்டு தொங்குகிறதே, அது நம் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் ப்ளஸ் டூ படிக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

நீட் விலக்கு கேட்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கை ஒன்றே போதும். 2016-17-இல் மருத்துவம் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் சுமார் 12 விழுக்காடு. 2020-21-இல் அவர்கள் 71 விழுக்காடு. ப்ளஸ் டூ முடித்த கையோடு கல்லூரிக்குப் போனவர்களின் இடத்தை, ஓராண்டு ஈராண்டு கோச்சிங் சென்டரில் உட்கார வசதி உள்ளவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அதன் பொருள். தமிழ் வழியில் படித்தவர்களின் பங்கு 15 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, 2-க்குச் சரிந்தது. 2018 ஜூனில், 1200-க்கு 1125 எடுத்த, செஞ்சிப் பக்கத்துப் பெருவளூர் மாணவியை நாம் இழந்தோம். அதே ஆண்டு நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாக வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்து, பிறகு ரத்தும் செய்தது. தமிழில் எழுதினாலும் ஐயம் வந்தால் ஆங்கில வினாவே இறுதி என்பது இன்றும் விதி.

இவ்வளவும் உண்மை. சட்டமன்றம் 2021 செப்டம்பரிலும் 2022 பிப்ரவரியிலும் நீட் விலக்குச் சட்டமுன்வடிவை நிறைவேற்றியதும் உண்மை. ஒன்றிய அரசு அதற்கு ஒப்புதல் தரவில்லை என்று 2025 ஏப்ரலில் முதல்வர் அவையில் சொன்னதும் உண்மை. ஆனால் நீட் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்ததில், அதன் தோளுக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றுகொண்ட மற்றத் தேர்வுகளை நாம் கவனிக்கவில்லை. நாம் மணி அடிக்க வந்தது இதற்காகத்தான்.

இப்போது ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் டி.என்.பி.சி.இ.இ. காலத்தவர்கள். 1984-இலிருந்து 2006 வரை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மாநில அரசே நுழைவுத் தேர்வு நடத்தியது. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி சட்டம் இயற்றி அதை ஒழித்தோம். அந்த வெற்றி ஒரு பழக்கத்தையும் கொடுத்துவிட்டது: ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே எல்லாக் கதவும் திறக்கும் என்ற நம்பிக்கை. பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் அது இன்றும் பொருந்தும். விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளுக்கு 200-க்கு எடுத்த கட்-ஆஃப் போதும். எல்லை தாண்டினால் கதை வேறு. க்யூட்டில் ப்ளஸ் டூ மார்க் வெறும் தகுதிச் சீட்டுதான். தரவரிசையில் அதற்கு இடமே இல்லை. 600-க்கு 590 எடுத்த பிள்ளையும் க்யூட் எழுதவில்லை என்றால், இளநிலைக்கு க்யூட் கேட்கும் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு அவர் யாரோ எவரோ.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் 1926-இலிருந்து நடக்கும் எஸ்.ஏ.டி. தேர்வைக் கொரோனா காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் கைவிட்டன. 2022-இல் எம்.ஐ.டி. அதைத் திரும்பக் கொண்டுவந்தது. தேர்வே இல்லையென்றால் வசதியற்ற பள்ளிகளில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளை எங்களால் அடையாளம் காண முடியவில்லை என்றது. இந்த வாதத்தை நாம் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் அங்கே அந்தத் தேர்வை எழுதும் ஏழைப் பிள்ளைக்கும் தேர்வை நடத்துகிறவர்களே 2015-இலிருந்து இலவசப் பயிற்சியை இணையத்தில் வைத்திருக்கிறார்கள், அந்தச் செய்தி பள்ளி வழியாகவே மாணவருக்குப் போகிறது. இங்கேயும் கான்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் ‘சாத்தி’ என்ற இலவசத் தளம் இருக்கிறது. மேல்மலையனூரில் அதன் பெயரையாவது கேள்விப்பட்டவர்கள் கை தூக்கட்டும்.

தேர்வைப் புரிந்துகொள்வது பாடம் படிப்பதிலிருந்து வேறான ஒரு வேலை. அதைக் கோச்சிங் சென்டர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகின்றன. நம் பள்ளிகள் சும்மாகூடச் சொல்லித் தருவதில்லை. ‘நீட் பாஸ்’ என்று ஊருக்கு ஊர் வைக்கும் பேனரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025-இல் பொதுப்பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 720-க்கு 144. நூற்றுக்கு இருபது. இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 113. ஐம்பது பர்சன்டைல் என்றால் ஐம்பது மார்க் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் ஏராளம். எழுதியவர்களில் பாதிப் பேரைவிட முன்னால் நிற்கிறாய் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. 144 வாங்கியவருக்கு அரசுக் கல்லூரியின் பொது இடம் எட்டாக்கனி. தனியார் கல்லூரி நிர்வாக இடத்துக்கு அவர் தகுதி பெற்றுவிட்டார், அவ்வளவே. அந்த இடத்துக்கு ஏக்கர் கணக்கில் நிலத்தை விற்றாக வேண்டும். பேனர் வைத்த அப்பாவுக்கு இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நிலமாவது மிஞ்சியிருக்கும்.

என்.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ மெயினில் 90 பர்சன்டைல் என்று ஒரு மாணவி துள்ளிக் குதிக்கிறார் என்று வையுங்கள். பன்னிரண்டு லட்சம் பேர் எழுதினால் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் அவருக்கு முன்னால் நிற்கிறார்கள். அதே சமயம் திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கே என்ற செய்தி அவருக்குத் தெரியாது. ஜேஇஇ மெயினைத் தமிழில் எழுதலாம் என்பதும் தெரியாது. அடுத்த படியான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே என்பதும் தெரியாது. கடைசிச் செய்தி கோபப்பட வேண்டியது. முதல் இரண்டும் பயன்படுத்திக்கொள்ள வேண்டியவை. மூன்றும் அவர் காதுக்குப் போகவில்லை.

நெகட்டிவ் மார்க் இன்னொரு பூதம். நீட்டிலும் ஜேஇஇ மெயினிலும் சரியென்றால் நான்கு, தவறென்றால் ஒன்று குறையும் என்றதும் நம் பிள்ளைகள் பயந்து கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு விடைகளில் ஒன்று உறுதியாகத் தவறு என்று தெரிந்தால், மீதி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சராசரியாக ஒரு மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு லாபம். அத்தகைய முப்பது கேள்விகளை விட்டுவிட்டு வந்தவர் இருபது மார்க்கை விட்டுவிட்டு வந்தவர். பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்தும் கணக்கு ஆசிரியருக்கு இதைச் சொல்ல அரை மணி நேரம் போதும்.

பாடமே நடக்காத பள்ளிகளும் உண்டு. தனியார் பள்ளிகள் பல ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலேயே இரண்டு ஆண்டும் ப்ளஸ் டூ பாடத்தை நடத்தின என்பதற்காகத்தான் 2017-18-இல் ப்ளஸ் ஒன் பொதுத் தேர்வு வந்தது. நீட்டிலும் ஜேஇஇயிலும் ஏறக்குறையப் பாதி கேள்விகள் ப்ளஸ் ஒன் பாடத்திலிருந்து வருபவை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத் தேர்வை எடுத்துவிட்டது. மூன்று ஆண்டும் தொடர்ந்து பொதுத் தேர்வு என்ற சுமை குறைந்ததில் நமக்கும் நிம்மதிதான். ஆனால் பழைய வியாதி திரும்பி வராமலிருக்க ஒரு காவல் வேண்டும். ப்ளஸ் ஒன் இயற்பியலும் உயிரியலும் உண்மையில் நடக்கின்றனவா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி இன்னும் ப்ளஸ் டூ தேர்ச்சி விழுக்காடு பற்றியதாகவே இருக்கிறது.

விண்ணப்பம் போடுகிற இடம் இன்னும் கொடுமை. ஜேஇஇ முதல் கட்டத்துக்கு அக்டோபர், நவம்பரில், நீட்டுக்குப் பிப்ரவரி வாக்கில், க்யூட்டுக்கு 2025-இல் மார்ச்சில். அதாவது காலாண்டு முடிந்த கையோடும், செய்முறைத் தேர்வின் நடுவிலும், பொதுத் தேர்வின் நடுவிலும். தெரிந்துகொண்டு ஓடும்போது கெடு முடிந்திருக்கும். முடியாவிட்டால் பிரவுசிங் சென்டரில் யாரோ ஒருவர் அவசரத்தில் தட்டிவிடுவார். அவர் கை வழுக்கும் இடம் சாதிக் கட்டம். நம் மாவட்டத்தில் மிகப் பெரும்பாலோர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர். எம்.பி.சி. என்ற சொல்லே ஒன்றிய அரசின் படிவத்தில் இல்லை. அங்கே ஓபிசி, அதிலும் வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்ற தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். கையில் இருக்கும் சாதிச் சான்றிதழே போதும் என்று நம்பி, பிறகு பொதுப்பிரிவில் தள்ளப்பட்ட பிள்ளை, 113 போதுமான இடத்தில் 144-க்குப் போராட வேண்டும்.

இருளர் குழந்தைகளின் நிலை இதற்கும் கீழே. பழங்குடிச் சான்றிதழ் வாங்குவதற்கே திண்டிவனம் வட்டாரத்தில் ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்திருக்கிறது; பேராசிரியர் கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் அதற்காக அலுவலகப் படி ஏறியதை இந்த ஊர் அறியும். பழங்குடிக்கென ஒதுக்கிய இடங்கள் ஐ.ஐ.டி.யிலிருந்து மத்தியப் பல்கலைக்கழகம் வரை எல்லா இடத்திலும் இருக்கின்றன. அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க ஒரு தாள் வேண்டும். அந்தத் தாள் சார் ஆட்சியர் அலுவலகத்தில் கிடக்கும்வரை, எந்தத் தேர்வு பிள்ளையின் திறமையை அளக்கிறது, எது கோப்பின் வேகத்தை அளக்கிறது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

மாநில அரசின் ‘நான் முதல்வன்’ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல திட்டம். மாதிரிப் பள்ளிகளிலிருந்து ஐ.ஐ.டி. வரை போன அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உண்டு. ஆனால் மாதிரிப் பள்ளி மாவட்டத்துக்கு ஒன்று. வல்லத்திலும் ஒலக்கூரிலும் மரக்காணத்திலும் படிக்கிறவர்கள் தங்கள் பள்ளியில்தான் படித்தாக வேண்டும். அங்கே ஹைடெக் லேப் கட்டியிருக்கிறோம். 2025-இலிருந்து க்யூட் முழுக்கக் கணினியில்தான் நடக்கிறது, ஜேஇஇ மெயினும் அப்படியே. அந்த அறையில் மாதம் ஒரு சனிக்கிழமை, கடிகாரம் ஓட, ஒரு மணி நேரத்தில் ஐம்பது கேள்வி என்று மாதிரித் தேர்வு வைக்க என்ன தடை? மௌஸைப் பிடித்துப் பழகாத கை, விடை தெரிந்தும் தோற்கும்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது பெரிய பணமில்லை. ஓபிசி, பழங்குடிச் சான்றிதழ்களுக்கு ப்ளஸ் ஒன் வகுப்பிலேயே, பள்ளி வளாகத்திலேயே முகாம் வையுங்கள். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே விண்ணப்பக் காலண்டரை ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிச் சுவரிலும் எழுதிப்போடுங்கள். விண்ணப்பத்தை ஆசிரியர் உட்கார்ந்து போடட்டும், அந்த வேலைக்கு அவருக்கு நேரம் ஒதுக்குங்கள். ப்ளஸ் ஒன் பாடம் நடந்ததா என்பதை முதன்மைக் கல்வி அலுவலர் நேரில் போய்ப் பார்க்கட்டும், தனியார் பள்ளிகளிலும்.

இன்னொன்று. ஜேஇஇக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், க்யூட்டுக்கு எத்தனை பேர், நீட்டுக்கு எத்தனை பேர் என்ற எண்ணைப் பள்ளிவாரியாகப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒட்டுங்கள். ஒவ்வொரு மே மாதமும் தேர்ச்சி விழுக்காட்டை ஒட்டுகிற அதே பலகைதான். இடம் இருக்கிறது.