வேட்டு வைக்காத ஊர்

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி என்றோர் ஊர். அங்கே தீபாவளிக்கு யாரும் வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழாவுக்கும் வேட்டு கிடையாது. ஊர்க் கண்மாயின் கருவேல மரங்களில் நாரையும் வக்காவும் நீர்க்காகமும் கூடு கட்டும் பருவத்தில்தான் தீபாவளி வருகிறது. அடைகாக்கும் பறவை வெடிச் சத்தத்தில் மிரண்டு எழுந்துவிட்டால், காகம் முட்டையைக் கொத்திப் போய்விடும்.

1977-ல் அரசு இந்தக் கண்மாய்ப் பகுதியை வேட்டங்குடி பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அறிவிப்புப் பலகை மட்டும் இருந்து என்ன பயன்? ஊர்க்கட்டுப்பாடாகப் பறவைகளைக் காப்பாற்றி வருகிறவர்கள் அந்த மக்கள். வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்து நன்றி சொல்கிறார்கள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பக்கத்து ஊர் வெடிச் சத்தத்தைக் கேட்டபடி பொறுத்திருக்கும் அந்தச் சிறுபிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளை ஒரு வருஷமாவது அப்படி இருக்கச் சொல்ல நமக்கு வாய் வருமா?

பறவைகளைக் காப்பதில் இரக்கத்தோடு விவரமும் உண்டு. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, குடியானவர்கள் கலெக்டரிடம் முறையிட்டு 1798-லேயே பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால், ஊர் எவ்வளவு அமைதி காத்தாலும் கண்மாயில் தண்ணீர் இல்லையென்றால் பறவை வராது. மழையோ முன்போல இல்லை. 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டு கிடந்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அந்தப் பகுதிக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் மழையைவிட அது அதிகம். இப்படிக் காய்ந்தும் பெய்தும் கெடுக்கும் காலத்தில், வந்த நீரை வாங்கி வைக்கக் கண்மாய் தயாராக இருக்க வேண்டாமா? பல ஊர்களில் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேல் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் வாய்க்காலில் குப்பையும் சீமைக்கருவேலமும். அடைமழை பெய்த மறுநாள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. கண்மாயோ பாதிகூட நிறையவில்லை.

குடிமராமத்து என்று ஊரார் கூடி மடையையும் கலுங்கையும் சீர்செய்த வழக்கம் நமக்கு உண்டு. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டமும் கொண்டுவந்தது. அரசுப் பணம் அவசியம்தான். ஆனால் பொக்லைன் வந்து மண் அள்ளிப் போனபின், அடுத்த மழைக்கு முன் வாய்க்காலை யார் போய்ப் பார்ப்பது? அது அந்தந்த ஊரின் வேலை. கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் ஆண்டுதோறும் தங்கள் பங்கைச் செய்கிறார்கள். மற்ற ஊர்கள் செய்ய வேண்டியது நிறைய பாக்கி இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, அக்டோபர் 2 அன்று கிராமசபை கூடுகிறது. உங்கள் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் எங்கே தொடங்கி எங்கே அடைபட்டிருக்கிறது என்று அதற்குமுன் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்லுங்கள். தீர்மானத்தில் எழுதவைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.