எட்டுப் பக்கத்தில் ஒரு மலை: கல்வராயனின் கதையை யார் அச்சிடுவது?

போனை எடுத்து ‘கள்ளக்குறிச்சி’ என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கண்ணில் படுவது 2024 ஜூன் மாதச் செய்திதான். கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். ‘கல்வராயன் மலை’ என்று தேடினால் சாராய ஊறல் அழிப்பு, கைது, அதற்குக் கீழே மேகம் அருவிக்கு எப்படிப் போவது என்று ஒரு டூர் வீடியோ. சாராயம், இல்லாவிட்டால் சுற்றுலா. ஒரு மலையைப் பற்றி வெளியுலகத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த கல்வராயன் மலை, அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976-ல்தான். நாடு சுதந்திரம் அடைந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து! 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, மலைக்கும் தனி வட்டம் கிடைத்தது. 2024-ல் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மலைமக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஆக, இந்த மலையைப் பற்றிய தாள்களுக்குக் குறைவே இல்லை. வனத்துறைக் கோப்பு, எஃப்.ஐ.ஆர்., நீதிமன்ற ஆணை, செய்தி அறிக்கை எல்லாம் இருக்கின்றன. ஆனால் மலையில் இருப்பவர்களே எழுதி, அவர்களே அச்சிட்டு, அவர்களே விநியோகித்த தாள் எத்தனை?

இந்தக் கேள்விக்குச் செலவு குறைந்த ஒரு விடை இருக்கிறது. டிசைன் படிக்கும் மாணவர்கள் அதை ‘ஸீன்’ என்கிறார்கள்.

அதென்ன ஸீன்?

சீன் போடுவது வேறு, ஸீன் போடுவது வேறு. ஸீன் என்பது ‘மேகஸீன்’ என்ற சொல்லின் வால். 1930-களில் அமெரிக்காவின் அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட கையடக்க இதழ்களுக்கு 1940-ல் ‘ஃபேன்ஸீன்’ என்று பெயர் வந்தது. 1970-களில் ஜெராக்ஸ் மெஷின் பரவலானதும், லண்டனின் பங்க் இசை ரசிகர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். எழுதுவது, வரைவது, அச்சிடுவது, விற்பது எல்லாம் ஒரே ஆள் அல்லது நாலு நண்பர்கள். லாபம் நோக்கம் இல்லை; யாரிடமும் அனுமதி கேட்பதும் இல்லை.

எளிய வடிவம் இதுதான். ஒரு A4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். நடுக்கோட்டில், நடுவில் இருக்கும் இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் ஒரு கீறல். பிறகு மடித்தால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் தயார். பின் அடிக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டால் போதும். ஜெராக்ஸ் கடையில் ஒரு தாளுக்கு ஓரிரு ரூபாய். ஒரு சினிமா டிக்கெட் காசில் 50 பேர் கையில் கொடுத்துவிடலாம்.

இது நமக்குப் புதுசா?

பெயர்தான் புதுசு. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான, நமக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகம் தமிழில் வந்தது. 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’. அதற்கு எத்தனை பக்கம் தெரியுமா? வெறும் 16.

1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற நான்கு பக்க வார இதழைக் கொண்டுவந்தார். விலையே பெயராக இருந்தது. தங்கள் மக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருக்க முடியாது என்று நினைத்தவர்கள் இவர்கள். 1966-ல் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழிலாளி. அந்த இதழ் 400 இதழ்களைத் தாண்டி வந்தது.

இலக்கியத்திலும் இதே கதைதான். சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கும்போதே 2,000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். கல்லூரி கல்லூரியாகப் புத்தக மூட்டையைச் சுமந்து போய் விற்றவர் அவர். தமிழில் புதுக்கவிதை நிலைபெற்றதில் அந்தச் சின்ன இதழுக்குப் பெரிய பங்கு உண்டு. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்து ஊரான சேலத்திலிருந்து 1968-ல் சி. மணி ‘நடை’ இதழைக் கொண்டுவந்தார். இவற்றுக்கெல்லாம் முன்னும் பின்னும், பள்ளிக்கூடங்களிலும் வாசகசாலைகளிலும் ஒரே ஒரு பிரதியாகக் கைமாறிய கையெழுத்துப் பத்திரிகைகளுக்குக் கணக்கே இல்லை.

ஆக, ஸீன் என்பது இறக்குமதிச் சரக்கு அல்ல. சிற்றிதழின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம். அக்காவுக்கு அச்சகமும் சந்தாதாரரும் வேண்டியிருந்தது. தங்கச்சிக்கு ஒரு போனும் ஒரு ஜெராக்ஸ் கடையும் போதும்.

எழுத்துருதான் பாதி வேலை

இங்கேதான் டிசைன் மாணவர் தேவைப்படுகிறார். ஆங்கில ஸீனைப் பார்த்து அப்படியே தமிழில் போட்டால் பக்கம் சொதப்பிவிடும்.

‘கள்ளக்குறிச்சியிலிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல், 13 எழுத்து. எட்டாக மடித்த A4-ன் ஒரு பக்கம் ஏழரை சென்டிமீட்டர்கூட அகலம் இல்லை. அதில் வரிகளின் இரு முனையும் நேராக நிற்க வேண்டும் என்று இழுத்துக் கட்டினால், சொற்களுக்கு இடையில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். இடது பக்கம் மட்டும் நேராக விட்டால் படிக்கச் சுகம். புள்ளியும் இகர விசிறியும் மேலே ஏறும். ‘கு’, ‘ழு’, ‘ஞ’ கீழே இறங்கும். அதனால் ஆங்கிலத்துக்கு விடுவதைவிடத் தமிழுக்கு வரிகளுக்கு இடையே கூடுதல் இடம் வேண்டும்.

அடுத்த சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. பல டி.டி.பி. கடைகளில் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள். தாளில் அது அழகாகத் தமிழாக இருக்கும். அதே கோப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக மாறிவிடும், கூகுளிலும் கிடைக்காது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல். ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. யூனிகோடில் அடிப்பவர்களும்கூட ‘ரி’ போட வேண்டிய இடத்தில் கால் போட்டு விசிறி வைத்துவிடுகிறார்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும்; தேடினால் சிக்காது. இன்று அச்சிடும் சின்ன வெளியீடு நாளைக்குத் தேடிக் கிடைக்க வேண்டும் என்றால், யூனிகோடில் சரியாகத் தட்டுவது முதல் வேலை.

நல்ல செய்தி என்னவென்றால், எழுத்துருவுக்குக் காசு தேவையில்லை. பிரியா ரவிச்சந்திரனின் ‘கட்டமரான்’, இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘பவனம்’, ‘கவிவனார்’, ஏக் டைப் நிறுவனத்தின் ‘முக்த மலர்’ எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதுவும் வேண்டாம் என்றால் கையாலேயே எழுதலாம். துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூரில் பிறந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம், சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் தூரிகையால் எழுதிய தலைப்பெழுத்துகள் தமிழ் அட்டைகளின் முகத்தையே மாற்றின.

கள்ளக்குறிச்சியிடம் ஏற்கெனவே இருப்பது

இந்த மாவட்டத்துக்கு எழுத்து அந்நியம் அல்ல. திருக்கோவிலூர் வட்டாரத்தில் ஜம்பை என்ற ஊரின் குன்றில், அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த கொடையைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981-ல் கண்டுபிடிக்கப்பட்டது. வயது சுமார் 2,000 ஆண்டுகள். நீளம் ஒரே ஒரு வரி. அசோகர் கல்வெட்டுகளில் வரும் ‘சத்தியபுத்திரர்’ யார் என்று அறிஞர்கள் பல காலம் அடித்துக்கொண்ட கேள்விக்கு அந்த ஒரு வரி விடை கொடுத்தது.

இன்னொன்று, கள்ளக்குறிச்சி மரச் சிற்பம். 2021-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தில் செதுக்கத் தெரிந்த கைக்கு, எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றி எடுப்பது பெரிய வித்தை இல்லை. சிற்பிகளும் டிசைன் மாணவர்களும் ஒரு வாரம் சேர்ந்து உட்கார்ந்தால், இந்த மண்ணுக்கே உரிய ஒரு தலைப்பெழுத்து வரிசை பிறக்கலாம்.

சரி, எட்டுப் பக்கத்தில் என்ன எழுதுவது?

வன உரிமைச் சட்டம் 2006-ஐ எடுத்துக்கொள்வோம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வனநிலத்தை நம்பி வாழும் பழங்குடியினர் உரிமை கோரலாம். அந்த வேலை தொடங்க வேண்டிய இடம் கிராம சபை. யாரிடம் மனு, என்னென்ன ஆதாரம், நிராகரித்தால் எங்கே மேல்முறையீடு என்பதை மலையில் பேசும் தமிழில், படத்தோடு எட்டுப் பக்கத்தில் போட்டால், அது ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காப்பாற்றக்கூடிய தாள். கடுக்காய்க்கு மலையில் என்ன விலை, கீழே சந்தையில் என்ன விலை என்று மாதாமாதம் ஒரு தாள் போடலாம். சாமை, தினை விதைப்பைப் பற்றிப் பாட்டிமார் சொல்வதைப் பேத்திகள் எழுதலாம். டவர் கிடைக்காத இடத்தில் பி.டி.எஃப். உதவாது, சட்டைப் பையில் இருக்கும் தாள் உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கேமராவும் ஸ்கெட்ச் புத்தகமுமாக வார இறுதியில் மலையேறி, நாலு முகங்களையும் நாலு குடிசைகளையும் பதிவு செய்து, செமஸ்டர் மார்க்குக்காக ஒரு அழகான ஸீன் போட்டுவிட்டு இறங்கிவிட்டால், அதுவும் ‘வெளியாள் எழுதிய இன்னொரு தாள்’தான். சென்னையின் தாரா புக்ஸ் ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறது. 2006-ல் அது வெளியிட்ட, மரங்களைப் பற்றிய புத்தகத்தில், வரைந்த மூன்று கோண்டு கலைஞர்களும் ஆசிரியர்களாகவே அறியப்படுகிறார்கள். ‘பழங்குடி ஓவியம்’ என்று பெயரில்லாமல் போடவில்லை. பெயர் போடுவது, கேட்டுவிட்டு எழுதுவது, அச்சான பிரதிகளில் பாதியையாவது மலைக்கே திருப்பிக் கொடுப்பது ஆகியவை அடிப்படை நாகரிகம். மாணவர் கற்றுக்கொடுக்க வேண்டியது மடிப்பையும் எழுத்துருவையும். எதை எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மலைமக்கள்.

சட்டச் சிக்கல் வருமா?

ஒரே ஒரு முறை வரும் வெளியீடு என்றால் பதிவு எதுவும் தேவையில்லை. செய்தியும் செய்தி பற்றிய கருத்தும் தாங்கி, குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து அச்சானால், பருவ இதழ்களுக்கான 2023-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். மாதாமாதம் விலைத்தாள் போட நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

பலரும் அறியாத இன்னொரு சட்டம், 1954-ம் ஆண்டின் நூலகங்களுக்கான நூல் வழங்கல் சட்டம். வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பச் சொல்கிறது. அதன் வரையறையில் துண்டுப் பிரசுரமும் ‘புத்தகம்’தான். உங்கள் எட்டுப் பக்கத்துக்கும் கன்னிமாராவில் இடம் உண்டு!

யார் என்ன செய்ய வேண்டும்?

பெரிய திட்டம், பெரிய நிதி எதுவும் வேண்டாம். மூன்று சின்ன வேலைகள் போதும்.

ஒன்று, டிசைன் கல்லூரிகள் தமிழ் எழுத்தமைப்பை ஒரு பாடமாகவே வைக்க வேண்டும். ஆங்கில எழுத்தின் உடற்கூறைக் கரைத்துக் குடித்த மாணவருக்கு ‘ழ’வின் வளைவைப் பற்றியும் நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டு, மலையில் உள்ள பள்ளிகளுக்கு ஒரு பிரிண்டரும் தாளும் மையும் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் பத்திரிகை நடத்திய ஆசிரியர்கள் ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். இன்றைய ஆசிரியர்களுக்கு அதற்கான நேரத்தையும் ஊக்கத்தையும் கல்வித்துறை தர வேண்டும்.

மூன்று, கள்ளக்குறிச்சியின் பொது நூலகங்களில் உள்ளூர் வெளியீடுகளுக்கு என்று ஒரு அலமாரி. இது அற்ப விஷயம் இல்லை. நோட்டீஸையும் பழைய இதழ்களையும் தூக்கிப் போடாமல் சேர்த்தவர் கோட்டையூரின் ரோஜா முத்தையா. தொழில், விளம்பரப் பலகை எழுதுவது. அவர் சேர்த்த சுமார் ஒரு லட்சம் உருப்படிகளால்தான் இன்று சென்னையில் ஆய்வாளர்கள் தேடிவரும் ஒரு நூலகம் நிற்கிறது. ‘தம்பிரான் வணக்க’த்தின் 16 பக்கங்களைப் பார்க்க நாம் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. வெள்ளிமலையில் ஒரு பள்ளி மாணவி நாளை மடிக்கப்போகும் எட்டுப் பக்கம், கள்ளக்குறிச்சி நூலகத்திலேயே கிடைக்கட்டும்.