கொக்கிப்புழுவும் கொஞ்சம் டிஎன்ஏவும்

போன வாரம் அக்கா போன் பண்ணினாள். "டேய், பையனுக்கு ஸ்கூல்ல பூச்சி மாத்திரை குடுத்தாங்க. அவன் எந்நேரமும் மணி கூடத்தான் உருண்டுட்டு இருக்கான். மணிக்கும் குடுக்கணுமாடா?" மணி எங்க வீட்டு நாய். சிரிச்சுட்டு போனை வச்சிட்டேன். அப்புறம் ராத்திரி பூரா அந்தக் கேள்வி மண்டைக்குள்ள குடைஞ்சிட்டே இருந்தது. ரெண்டு மூணு நாள் தேடிப் படிச்சதுல தெரிஞ்சது என்னன்னா, அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி, சிரிச்ச நான்தான் முட்டாள். அதான் இந்தப் பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டைக் கழுவிட்டு வாங்க மக்களே :-)

உலகத்துல சுமார் 150 கோடி பேர் வயித்துல மண் வழியா பரவுற புழுக்கள் இருக்கிறதா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழுன்னு மூணு பெரிய கூட்டம். நான் பேசப்போறது முக்கியமா கொக்கிப்புழு பத்தி. மலத்தோட வெளியே வர்ற முட்டை மண்ணுல பொரிஞ்சு, வெறுங்கால் வழியா உள்ள ஏறி, ரத்தத்துல பயணம் போய், கடைசியா குடல்ல கடிச்சிட்டு உட்காரும். ரத்தசோகைக்கு ஒரு முக்கியக் காரணம் இது.

கொக்கிப்புழு இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? மைக்ராஸ்கோப்ல முட்டை தேடுவாங்க. நீளம் சுமார் 60 மைக்ரான், அகலம் சுமார் 40 மைக்ரான், மெல்லிசு ஓடு. பார்த்தவுடனே 'கொக்கிப்புழு'ன்னு ரிப்போர்ட்ல எழுதிடலாம். எந்தக் கொக்கிப்புழுன்னு மட்டும் எழுத முடியாது. ஏன்னா எல்லா வகை முட்டையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பெரிய புழு கையில கிடைச்சா வாயைத் திறந்து பார்த்துச் சொல்லிடலாம். டியோடெனேலுக்கு ரெண்டு ஜோடி பல்லு, நெகேட்டருக்கு பல்லுக்குப் பதிலா வெட்டும் தகடு. ஆனா புழு வெளியே வரணுமே! முட்டையைப் பொரிக்க வச்சு லார்வாவைப் பார்க்கலாம்தான், அதுக்கு நாளும் ஆகும், அனுபவசாலி கண்ணும் வேணும்.

"ஏதோ ஒரு புழு, மாத்திரை போட்டா சாகப்போகுது, பேர் தெரிஞ்சு என்ன பண்ணப்போற?" இதைத்தான் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா குணம் வேற வேற சார். டியோடெனேல் புழு ஒண்ணு ஒரு நாளைக்குக் குடிக்கிற ரத்தம், நெகேட்டர் குடிக்கிறதைப்போல பல மடங்கு. நெகேட்டர் தோல் வழியா மட்டும்தான் வரும். டியோடெனேல் வாய் வழியாவும் வரும். 'எர்ரர்'னு மட்டும் எழுதி வச்ச லாக் ஃபைலை வச்சுக்கிட்டு யாராவது பக் ஃபிக்ஸ் பண்ணியிருக்கீங்களா? அந்த ரிப்போர்ட்டும் அதே கதைதான்.

இப்ப கதையோட நாயகன், அன்சைலோஸ்டோமா சிலானிகம். பேர்லயே சிலோன் இருக்கு பாருங்க. 1911ல் லூஸ் என்கிற விஞ்ஞானி இலங்கைப் புனுகுப்பூனையிலிருந்து எடுத்து விவரிச்ச புழு. அதுக்கு முந்தின வருஷம்தான் பிரேசில்ல நாய், பூனைகள்ல இருந்து பிரேசிலியன்ஸ் என்கிற புழுவை விவரிச்சிருந்தாங்க. ரெண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லி சேர்த்துட்டாங்க. பியோக்கா என்பவர் 1951ல் பிரிச்சுக் காட்டுற வரைக்கும் சுமார் நாற்பது வருஷம் இந்தக் குழப்பம் ஓடுச்சு.

இது வெறும் பேர் தகராறு இல்லீங்க. பிரேசிலியன்ஸ் மனுஷத் தோலுக்கு அடியில ஊர்ந்து அரிப்பைக் குடுக்கும், அவ்வளவுதான், குடல்ல வளர்ந்து குடித்தனம் பண்ணாது. சிலானிகம் பண்ணும். நாய், பூனை, மனுஷன் மூணு பேர் குடல்லயும் முழுசா வளர்ந்து முட்டை போடும். அதாவது மனுஷனுக்கு மட்டும் மாத்திரை குடுத்தா அதுக்குத் தங்க இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு. ரெண்டையும் ஒரே பேர்ல போட்டுக் குழப்பினதால இந்த விஷயமே ரொம்ப காலம் சரியா கண்ணுல படல.

இங்கதான் டிஎன்ஏ வருது. நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். ரைபோசோம் தயாரிக்கிற மரபணுக்கள் எல்லாக் கொக்கிப்புழுவுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். யாரும் கைவைக்கப் பயப்படுற பழைய கோட் மாதிரி. ஆனா அந்த மரபணுக்களுக்கு நடுவுல ஐடிஎஸ்ன்னு ஒரு இடைவெளிப் பகுதி இருக்கு. அதுல எழுத்து மாறினாலும் புழுவுக்குப் பெரிய நஷ்டம் இல்ல. அதனால இனத்துக்கு இனம் அது மாறிடும். ரெண்டு பக்கமும் மாறாத பகுதி இருக்கிறதால ஒரே ஜோடி பிரைமரை வச்சு எந்தக் கொக்கிப்புழுவோட இடைவெளியையும் பிசிஆர்ல பெருக்கிடலாம். அப்புறம் சீக்வென்ஸ் பண்ணி, தெரிஞ்ச இனங்களோட வரிசைக்கு டிஃப் போட வேண்டியதுதான். தவிர ஒவ்வொரு செல்லுலயும் இந்தப் பகுதிக்குப் பல பிரதிகள் உண்டு. அதனால நாலஞ்சு முட்டை கிடைச்சாக்கூட வேலை நடந்துடும்.

இப்படித் தேட ஆரம்பிச்சதும் என்ன ஆச்சு? 2014ல் வெளியான ஒரு ஆய்வுல, கம்போடியாவின் ஒரு கிராமத்துல கொக்கிப்புழு இருந்த மனுஷங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர்கிட்ட இருந்தது சிலானிகம். நாய்கள்லயும் அதேதான். லாவோஸ், மலேசியான்னு மத்த இடங்கள்லயும் இது வந்துச்சு. தென்கிழக்கு ஆசியாவில் மனுஷங்களுக்கு வர்ற கொக்கிப்புழுக்கள்ல ரெண்டாவது இடம் இப்ப இதுக்குத்தான்னு சொல்றாங்க. மைக்ராஸ்கோப்ல பல காலமா பார்த்துக்கிட்டிருந்த அதே முட்டைங்கதான்!

உடனே "நம்ம ஊர்லயும் அப்படித்தான்"னு கிளம்பிடாதீங்க. தமிழ்நாட்டுல ஒரு மலைப்பகுதியில மனுஷங்க, நாய்கள், மண் மூணையும் டிஎன்ஏ வச்சுப் பார்த்த ஆய்வு 2016ல் வந்திருக்கு. அங்க மனுஷங்கள்ல ஆதிக்கம் நெகேட்டருக்குத்தான். கம்போடியா கிராமத்துல நாயை விட்டுட்டா வேலை முடியாது. நெகேட்டர் ஊர்ல வேற பிரச்சினை. அது பெரியவங்ககிட்டயும் நிறைய இருக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு மட்டும் குடுத்தா அப்பா அம்மாகிட்ட மிச்சம் இருக்கும். ஊருக்கு ஊர் புழு வேற, வைத்தியத் திட்டமும் வேற. இதைத்தான் நான் சொல்ல வந்தது.

இன்னொரு உதாரணம். சாட்டைப்புழுவுக்கு அல்பெண்டசோலும் ஐவர்மெக்டினும் சேர்த்துக் குடுக்கிற சோதனை லாவோஸ், தான்சானியாவின் பெம்பா தீவு, ஐவரி கோஸ்ட்னு மூணு இடத்துல நடந்தது. ஐவரி கோஸ்ட்ல மட்டும் பலன் ரொம்பக் குறைவு. மருந்துக்கு எதிர்ப்பு வந்துடுச்சோன்னு பயந்தாங்க. டிஎன்ஏவைப் படிச்சுப் பார்த்தா அங்க இருந்தது வேற இனம்! பன்றியோட சாட்டைப்புழுவுக்குச் சொந்தக்காரன். டிரைக்கூரிஸ் இன்காக்னிடான்னு பேர் வச்சிருக்காங்க. மாறுவேஷத்துல இருந்தவன்னு அர்த்தம் வச்சுக்கலாம். அதுவரைக்கும் எல்லாமே ஒரே சாட்டைப்புழு கணக்குல தான் ஓடிட்டு இருந்திருக்கு.

டிஎன்ஏ வந்துட்டா எல்லாம் தீர்ந்துடும்னு நான் சொல்லல. மனுஷ உருளைப்புழுவும் பன்றி உருளைப்புழுவும் தனித்தனி இனமான்னு பெரிய சண்டையே உண்டு. 2020ல் கென்யா கிராமத்து மக்கள்கிட்ட கிடைச்ச புழுக்களோட முழு மரபணுத் தொகுதியைப் படிச்சப்போ, ரெண்டும் கலந்து கலந்து கிடந்தது. ஒரே ஒரு மரபணுவைப் பார்த்து முடிவு பண்ணினா அங்க ஏமாந்துடுவோம். அதே மாதிரி, மலத்துல ஒரு புழுவோட டிஎன்ஏ இருந்தா அந்தப் புழு உள்ள வாழுதுன்னு நிச்சயம் இல்ல. வாய் வழியா போன முட்டை அப்படியே வெளிய வந்திருக்கலாம்.

அப்புறம் செலவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் சீக்வென்ஸ் பண்ணணும்னு யாராவது சொன்னா நானே சண்டைக்கு வருவேன். அந்தக் காசுல கக்கூஸ் கட்டலாம், செருப்பு வாங்கலாம். நம்ம நாட்டுல 2015லிருந்து பிப்ரவரி 10 தேசிய குடற்புழு நீக்க நாள். 1 முதல் 19 வயசு வரைக்கும் இருக்கிறவங்களுக்கு அல்பெண்டசோல் குடுக்கிறாங்க. நல்ல திட்டம், நடக்கட்டும். நான் கேக்கிறது ஒண்ணுதான். மாவட்டத்துக்கு நாலு கிராமம், சில வருஷத்துக்கு ஒரு தடவை, மனுஷங்க கிட்டயும் நாய்கள் கிட்டயும் மாதிரி எடுத்து இனம் பார்த்து வைக்கணும். வெறும் 'முட்டை இருக்கு, இல்ல'ங்கிற கணக்கை மட்டும் வச்சுக்கிட்டா, என்னைக்காவது மாத்திரை வேலை செய்யாம போகும்போது எங்க தேடுறதுன்னே தெரியாது. பயம் சும்மா இல்ல. அமெரிக்காவில் நாய்களோட கொக்கிப்புழுவுல ஒண்ணுக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அடங்காத வகை ஏற்கனவே வந்தாச்சு. அதைப் பிடிச்சதுலயும் மரபணு மாற்றத்தைப் படிச்சதுக்குப் பெரிய பங்கு உண்டு.

அக்காவுக்குத் திரும்ப போன் பண்ணினேன். "மணிக்கும் குடுக்கணும்க்கா. ஆனா பையனோட மாத்திரையைப் பாதி உடைச்சுப் போட்டுடாத, கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அப்புறம் அவனைச் செருப்பு போட்டு விளையாடச் சொல்லு."

"இதைச் சொல்லவாடா ஒரு வாரம்?"ன்னு கேட்டாள். ஹி ஹி...

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். உயிரியல் படிச்ச பதிவர்கள் யாராவது இருந்தா தப்பைப் பின்னூட்டத்துல சொல்லுங்க, திருத்திடறேன். கும்மி அடிக்கிறவங்க கை கழுவிட்டு அடிக்கவும்.